வெற்றி முழக்கமிட்ட காசு: தோற்றுக்கொண்டிருந்த ரோமின் சில்லறை மதுரைக்கு வந்தது எப்படி?

சட்டைப் பட்டன் அளவுதான். எடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். பச்சைக் களிம்பு ஏறி, ஓரமெல்லாம் தேய்ந்து, வைகை மணலோடு மணலாகக் கிடந்தால் பழைய வாஷர் என்று நினைத்து யாரும் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கதையே வேறு. ஒரு பக்கம், தலையில் மணிப்பட்டி கட்டிய ஓர் ஆணின் முகம். மறுபக்கம், சிறகு முளைத்த ஒரு பெண். தோளில் போர்க்களச் சின்னத்தைச் சுமந்தபடி, கீழே கிடக்கும் கைதி ஒருவனைப் பிடித்துத் தரதரவென இழுத்துக்கொண்டு போகிறாள்.

அந்தப் பெண்ணின் பெயர் விக்டோரியா. இங்கிலாந்து ராணி இல்லை. ரோமானியர்களின் வெற்றித் தெய்வம். காசில் இருக்கும் முகம், சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பு ரோமானியப் பேரரசை ஆண்ட மன்னர்களில் ஒருவருடையது. இப்படிப்பட்ட சின்னஞ்சிறு வெண்கல, செப்புக் காசுகள் மதுரையிலும் அதைச் சுற்றியும் கிடைப்பது 19-ம் நூற்றாண்டிலேயே பதிவாகிவிட்டது.

இதில் மூன்று புதிர்கள் இருக்கின்றன. ஒன்று, இந்தக் காசுகள் 'வெற்றி, வெற்றி' என்று முழங்கிய காலத்தில் ரோம் உண்மையில் தோற்றுக்கொண்டிருந்தது. இரண்டு, தங்கமோ வெள்ளியோ இல்லாத இந்தச் சில்லறையைக் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன? மூன்று, தமிழக வரலாற்றில் 'இருண்ட காலம்' என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே நூற்றாண்டுகளின் காசுகள் இவை. சந்தையே இல்லாத ஊரில் சில்லறைக்கு என்ன வேலை?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூவா, தலையா?

டாஸ் போடும்போது 'பூவா தலையா' என்று கேட்கிறோம் அல்லவா? ரோமானியக் காசில் தலைப் பக்கம் பெரும்பாலும் மன்னர். கான்ஸ்டான்டியஸ், தியோடோசியஸ், அவருடைய மகன்கள் ஆர்கேடியஸ், ஹோனோரியஸ் என 4-ம் நூற்றாண்டிலும் 5-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டவர்களின் பெயர்கள் இந்தச் சிறு காசுகளில் வருகின்றன. ஆனால் சுவாரசியம் எல்லாம் பூப் பக்கத்தில்தான்.

டிவி, ரேடியோ, வாட்ஸ்அப் எதுவும் இல்லாத காலம். எகிப்தில் இருக்கும் விவசாயிக்கும் சிரியாவில் இருக்கும் கடைக்காரருக்கும் மன்னர் ஒரு சேதி சொல்ல வேண்டுமானால், ஏழை கை வரைக்கும் போய்ச் சேரும் ஒரே பொருள் காசு. அதனால் ரோமானியர்கள் காசின் பின்பக்கத்தை அரசின் விளம்பரப் பலகையாகவே வைத்திருந்தார்கள். 4-ம் நூற்றாண்டுச் சிறு காசுகளில் அடிக்கடி வந்த சில வகைகள்:

- இரண்டு போர்வீரர்கள், நடுவே படைக்கொடி. வாசகம்: 'படையின் பெருமை'. 330-களில் தொடங்கிய வகை.

- குதிரையோடு சரிந்து விழும் எதிரியை ஈட்டியால் குத்தும் ரோமானிய வீரன். வாசகம்: 'நல்ல காலம் திரும்பிவிட்டது'. 348-ல் அறிமுகமான தொடர் இது.

- கையில் வெற்றி மாலையோடு நடந்துவரும் விக்டோரியா. வாசகம்: 'நாட்டின் பாதுகாப்பு'. 364-க்குப் பிறகு வந்தது.

- கைதியை இழுத்துச் செல்லும் விக்டோரியா. வாசகம்: 'நாட்டின் நலன்'. 380-களிலும் 390-களிலும் கணக்கில்லாமல் அச்சடிக்கப்பட்டது.

- நிற்கும் மன்னருக்கு விக்டோரியா முடிசூட்டும் காட்சி. வாசகம்: 'படையின் வீரம்'. 395-க்குப் பிறகு வந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில காசுகளில் 'பேரரசர்களின் வெற்றி' என்று எழுதும்போது, 'பேரரசர்' என்ற சொல்லின் சுருக்கத்தில் கடைசி எழுத்தை இரண்டு முறையோ மூன்று முறையோ போடுவார்கள். எத்தனை எழுத்தோ அத்தனை மன்னர்கள் கூட்டாக ஆள்கிறார்கள் என்று அர்த்தம்.

கைதியை இழுக்கும் விக்டோரியாவின் பக்கத்திலேயே பல காசுகளில் ஒரு சின்னக் கிறிஸ்தவக் குறியும் இருக்கும். பேரரசு கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டது; ஆனால் பழைய வெற்றித் தெய்வத்தைக் காசிலிருந்து எடுக்க மனசு வரவில்லை. மதம் மாறினாலும் விளம்பரம் மாறவில்லை.

உண்மையில் ஜெயித்தார்களா?

இதுதான் முதல் புதிர். காசு சொல்வதையும் களத்தில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

'நல்ல காலம் திரும்பிவிட்டது' காசில் குதிரையிலிருந்து விழும் எதிரி, பல காசுகளில் பாரசீகனாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலம் முழுக்கப் பாரசீகத்தோடு நடந்த போர் முடிவுக்கே வரவில்லை. 359-ல் அமிடா கோட்டை (இன்றைய துருக்கியின் தியர்பக்கிர்) பாரசீகர் கைக்குப் போனது. அடுத்து வந்த ஜூலியன் 363-ல் பாரசீகப் படையெடுப்பிலேயே உயிரை விட்டார்.

'நாட்டின் பாதுகாப்பு' காசுகளை வெளியிட்டவர்களில் ஒருவர் வாலன்ஸ். 378 ஆகஸ்ட் 9 அன்று ஏட்ரியானோபிள் என்ற இடத்தில் கோத் இனத்தவரோடு நடந்த சண்டையில் அவருடைய படையே சிதைந்தது. வாலன்ஸ் கொல்லப்பட்டார். அவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் கைதியை இழுக்கும் விக்டோரியா காசுகள் குவியல் குவியலாக வருகின்றன. தோல்வி பெரிதாகப் பெரிதாக, காசில் வெற்றி இன்னும் சத்தமாகப் பேசுகிறது.

408-ல் அலாரிக் என்ற கோத் தலைவன் ரோம் நகரையே முற்றுகையிட்டான். முற்றுகையை விலக்க அவன் கேட்ட விலையைக் கிரேக்க வரலாற்று ஆசிரியர் சோசிமஸ் பட்டியலாகத் தருகிறார். 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு ஆடைகள், செந்நிறத் தோல் 3,000. கடைசியாக 3,000 பவுண்டு மிளகு. ரோமானிய பவுண்டு என்பது சுமார் 327 கிராம். ஆக, ஏறக்குறைய ஒரு டன் மிளகு. அந்த மிளகின் சொந்த ஊர் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. தென்னிந்திய வணிகம் ரோமுக்கு எவ்வளவு உள்ளே போயிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கொடுத்தும் பலனில்லை. 410-ல் அலாரிக் ரோமுக்குள் புகுந்து சூறையாடினான். அப்போது மேற்கில் ஆண்டவர் ஹோனோரியஸ். வெற்றி மாலைக் காசுகளில் முகம் காட்டும் அதே ஹோனோரியஸ்.

மதுரையில் இவை கிடைத்தது எப்படித் தெரிய வந்தது?

19-ம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரிகள் சிலருக்குப் பழங்காசு சேர்ப்பது பொழுதுபோக்கு. ராணுவ அதிகாரியான டஃப்னெல், தென்னிந்தியக் காசு சேகரிப்பாளர்களுக்காக எழுதிய கையேடு 1889-ல் வந்தது. 1904-ல் ராபர்ட் செவெல், இந்தியாவில் அதுவரை கிடைத்த ரோமானியக் காசுகளையெல்லாம் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் மதுரைக்குத் தனி இடம் கொடுத்தார்.

அவருடைய வாதம் எளிமையானது. தங்கக் காசு புதையலாகக் கிடைத்தால், அது வணிகத்தின் அடையாளம் அல்லது யாரோ சேர்த்துவைத்த சொத்து. ஆனால் மதிப்பே இல்லாத செப்புக் காசுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடைத்தால், அவற்றை யாரோ தினசரி செலவுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். எனவே மதுரையில் ரோமானிய வணிகர்கள் குடியிருந்திருக்க வேண்டும் என்றார் செவெல்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திய யவனர்கள் காவல் நின்றதாகச் சிலப்பதிகாரமும் சொல்கிறது. ஆனால் சில்லறை கிடைப்பதால் மட்டுமே அந்த நாட்டுக்காரர்கள் இங்கே குடியிருந்தார்கள் என்று சொல்லிவிட முடியுமா? உள்ளூர் ஆட்களே அதைச் சில்லறையாகப் பயன்படுத்தியிருக்கலாமே என்ற கேள்வி பின்னால் வந்த ஆய்வாளர்களுக்கு எழுந்தது.

இந்தக் காசுகளைத் தமிழகத்தில் விரிவாகப் பதிவு செய்தவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டு சொன்னவரும் இவர்தான். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி இவர் எழுதிய ஆங்கில நூல் 1994-ல் வெளிவந்தது. ரோமானியக் காசு என்றாலே தங்கத்தையும் வெள்ளியையும் மட்டும் பேசிக்கொண்டிருந்த இடத்தில், தேய்ந்துபோன செம்பைத் தூக்கி மேசை மேல் வைத்தவர் அவர்.

தங்கம் வந்த காலம் வேறு, செம்பு வந்த காலம் வேறு

ரோமோடு வணிகம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கி.பி. முதல் நூற்றாண்டு. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளி, தங்கக் காசுகள். பாண்டிய மன்னன் அகஸ்டஸுக்குப் பரிசு அனுப்பியதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி புலம்புகிறார். பாண்டியனின் ஊர் 'மதுரா' என்ற பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்துத் தங்கம் இங்கே காசாகப் புழங்கவில்லை. தங்கமாகத்தான் மதிக்கப்பட்டது என்பது பலருடைய கருத்து. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். இனி இது காசாகப் புழங்கக் கூடாது, உலோகம் மட்டும்தான் என்று அறிவிப்பதுபோல.

செப்புக் காசுகளின் கதை அப்படியே தலைகீழ். இவை வருவது சுமார் 300 ஆண்டுகள் கழித்து. முகத்தில் வெட்டு இல்லை, தேய்மானம் இருக்கிறது. அதாவது கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கின்றன. தங்கத்தைத் தமிழர்கள் நகையாகப் பார்த்தார்கள். செம்பைக் காசாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தச் சில்லறை ஏன் கடல் தாண்டியது?

இதுதான் பெரிய புதிர். 445-ல் வந்த ஒரு ரோமானியச் சட்டம், ஒரு தங்கக் காசுக்கு 7,000-க்கும் மேற்பட்ட சிறு செப்புக் காசுகள் என்று கணக்குச் சொல்கிறது. நான்கரை கிராம் தங்கத்துக்குப் பதிலாக ஒரு மூட்டை செம்பு. எந்த வியாபாரி இதைச் செங்கடல் தாண்டிச் சுமந்துகொண்டு வருவான்?

ஆய்வாளர்கள் மூன்று விடைகளை முன்வைக்கிறார்கள்.

முதல் விடை: மாலுமிகளும் வணிகர்களும் இடுப்புப் பையில் கொண்டுவந்தது. இன்றைக்குத் துபாயிலிருந்து வருகிறவர் பர்ஸில் நாலு திர்ஹாம் காசு கிடப்பதுபோல. ஆனால் இது சில பத்துக் காசுகளை விளக்கும். ஊர் ஊராகக் கிடைப்பதை விளக்காது.

இரண்டாவது: பழைய உலோகமாக வந்தது. தமிழகத்தில் செம்புத் தாது வளம் குறைவு. செம்பு, ஈயம், வெள்ளீயம் மூன்றும் முசிறிக்கு இறக்குமதியானதை முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிக் கையேடான 'பெரிப்ளூஸ்' பதிவு செய்கிறது. செல்லாத பழைய காசுகளை எடைக்கு எடை விற்றிருக்கலாம். அப்படியானால் பாத்திரக்காரரின் உலையில் உருகியிருக்க வேண்டியவை எப்படித் தப்பின?

மூன்றாவது விடை முந்தைய இரண்டையும் சேர்த்து யோசிக்கிறது. எப்படி வந்திருந்தாலும், வந்த இடத்தில் சில்லறைத் தட்டுப்பாடு இருந்தது. சங்ககாலப் பாண்டியர்கள் யானையும் மீன் சின்னமும் பொறித்த சதுரச் செப்புக் காசுகளை வெளியிட்டார்கள். அந்த அரசு மறைந்த பிறகு புதுக்காசு வரத்து குறைந்திருந்தால், சந்தைக்கு ஏதோ ஒரு சில்லறை வேண்டும். அளவும் எடையும் தோதாக இருந்த ரோமானியக் காசு அந்த இடத்தை நிரப்பியது.

இந்த மூன்றாவது விடைக்கு வலு சேர்ப்பது இலங்கை. அனுராதபுரம், சிகிரியா, மாந்தை உள்ளிட்ட இடங்களில் இதே சிறு ரோமானியக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அதோடு, அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த நகல்களும் கிடைத்திருக்கின்றன. நகலில் லத்தீன் எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாக ஆகிவிடும். வீரர்கள் குச்சி மனிதர்களாக மாறிவிடுவார்கள். அடித்தவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சந்தைக்கு வேண்டியது பழகிய தோற்றத்தில் ஒரு காசு. யாராவது வாங்கிக்கொள்ளாத ஒன்றுக்கு நகல் அடிக்க மாட்டார்கள் அல்லவா?

எந்த வழியாக வந்தது?

மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனால் வைகை இருக்கிறது. மதுரையைத் தாண்டி, கீழடி பக்கமாகப் போய், மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் மாவட்டத்தை அடைகிறது ஆறு. அதன் கழிமுகத்துக்கு அருகில் இருக்கும் சிற்றூர் அழகன்குளம்.

1980-களிலிருந்து தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. ரோமானிய மட்கலத் துண்டுகள், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு ஆகியவற்றோடு, இரண்டாம் வாலன்டினியன், தியோடோசியஸ், ஆர்கேடியஸ் ஆகியோரின் காசுகளும் கிடைத்தன. மதுரையில் கிடைக்கும் காசுகளின் அதே காலம், அதே அரச குடும்பங்கள். ஆற்றின் ஒரு முனையில் துறைமுகம், மேலே தலைநகரம்.

அழகன்குளத்துக்கு எதிர்க்கரையில் இலங்கையின் மாந்தைத் துறைமுகம். 4-ம் நூற்றாண்டுக்குப் பிறகு செங்கடல், பாரசீகம், இந்தியா எல்லாப் பக்கத்துக் கப்பல்களும் சந்திக்கும் இடமாக இலங்கை வளர்ந்தது. 6-ம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற எகிப்திய வணிகர் எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. சோபட்ரோஸ் என்ற ரோமானிய வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை மன்னர் முன் நிற்கிறார்கள். உங்கள் இருவரின் மன்னர்களில் யார் பெரியவர் என்று கேட்கிறார் அவர். பாரசீகர் வாய் ஓயாமல் பெருமை பேசுகிறார். சோபட்ரோஸ், இருவருடைய காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும் என்கிறார். பாரசீகரிடம் இருந்தது வெள்ளி. சோபட்ரோஸிடம் இருந்தது பளபளக்கும் தங்கம். தீர்ப்பு ரோமுக்கே.

கதை ரோமானியர் பக்கம் சாய்ந்து எழுதப்பட்டது என்பது தெளிவு. ஆனால் காசு வெறும் பணமல்ல, அது மன்னரின் முகவரி என்று அன்றைக்கே எல்லோரும் நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது. ஆகவே, அலெக்சாண்டிரியாவிலிருந்து செங்கடல், அங்கிருந்து இலங்கை, மன்னார் கடலைத் தாண்டி அழகன்குளம், வைகைக் கரையோடு மதுரை. இந்தச் சில்லறை வந்ததற்கு மிகவும் பொருந்தி வரும் வழி இது.

'இருண்ட காலம்' அவ்வளவு இருட்டா?

இங்கேதான் இந்தச் சின்னக் காசின் பெரிய முக்கியத்துவம். சங்ககாலம் முடிந்து, 6-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் கடுங்கோன் எழும்பும் வரைக்கும் உள்ள காலத்தை 'களப்பிரர் காலம்' என்றும், 'இருண்ட காலம்' என்றும் பாடநூல்கள் சொல்லிவந்தன. இந்தப் பெயருக்கு ஒரு காரணம், எழுத்துச் சான்றுகள் குறைவு. இன்னொரு காரணம், களப்பிரரைப் பற்றி முக்கியமாகப் பேசும் வேள்விக்குடிச் செப்பேடு, அவர்களைத் தோற்கடித்த பாண்டியர்களின் வழித்தோன்றல் 8-ம் நூற்றாண்டில் வெளியிட்டது. ஜெயித்தவர் எழுதிய குறிப்பில் தோற்றவருக்கு நல்ல பெயர் கிடைக்குமா?

சிவகங்கை மாவட்டம் பூலாங்குறிச்சியில் உள்ள சுமார் 5-ம் நூற்றாண்டுப் பாறைக் கல்வெட்டு, அந்தக் காலத்திலும் அரசர்கள் கோயில்களுக்கு ஏற்பாடு செய்ததையும் நிர்வாகம் நடந்ததையும் காட்டுகிறது. அதோடு இந்தக் காசுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தங்கக் காசு ஒரு பணக்காரரைக் காட்டும். செப்புக் காசு ஒரு சந்தையைக் காட்டும். ஒரு கட்டுக் கீரை, ஒரு ஆழாக்கு எண்ணெய், நாலு முழம் பூ வாங்க யாரும் தங்கம் கொடுக்க மாட்டார்கள். பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று இரண்டு சந்தைகள் நடந்த ஊர் மதுரை என்கிறது மதுரைக்காஞ்சி. அந்தப் பழக்கம் களப்பிரர் காலத்தில் ஒரேயடியாக நின்றுவிட்டது என்றால், இந்தத் தேய்ந்த சில்லறையை எப்படி விளக்குவது?

ஒரு எச்சரிக்கையும் அவசியம். காசில் இருக்கும் ஆண்டு, அது அச்சான ஆண்டு. மதுரைக்கு வந்த ஆண்டு அல்ல. கிழக்கு ரோமானியப் பகுதிகளில் இந்தச் சிறு காசுகள் 5-ம் நூற்றாண்டு முழுக்கப் புழக்கத்தில் இருந்தன. ஆகவே 390-ல் அடித்த காசு 470-லும் இங்கே வந்திருக்கலாம். ஆனால் அதுவும் அதே 'இருண்ட' காலத்துக்குள்தான் விழுகிறது.

மணலோடு போன சாட்சி

அப்படியானால் இந்தக் கேள்விகளுக்கு இன்னும் முடிவான விடை ஏன் இல்லை? காரணம், மதுரைக் காசுகளில் பெரும்பகுதி முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல. ஆற்று மணலைச் சலித்தவர்கள் பொறுக்கியவை, பழைய பொருள் வியாபாரிகள் வழியாகச் சேகரிப்பாளர்களிடம் வந்தவை.

ஒரு காசு எந்த மண் அடுக்கில், எந்தப் பானை ஓட்டோடு, எந்தக் காசுகளுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் சாட்சியம். பாண்டியரின் சதுரக் காசோடு ஒரே குழியில் கிடந்தால் ஒரு கதை; தனியாக ஒரு குடத்தில் கிடந்தால் வேறு கதை. வியாபாரியின் டப்பாவுக்குள் போன நிமிஷமே அந்தக் கதை அழிந்துவிடுகிறது. பிறகு மிஞ்சுவது ஒரு அழகான பொருள் மட்டும். 'மதுரையில் கிடைத்தது' என்று வியாபாரி சொன்னால் நம்ப வேண்டியதுதான். மறுக்கவும் வழியில்லை, நிரூபிக்கவும் வழியில்லை.

மணல் அள்ளுவது பற்றிப் பேசும்போது நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுகிறோம். அது சரிதான். ஆனால் லாரி லாரியாகப் போன வைகை மணலில் இந்த ஊரின் பழைய கல்லாப்பெட்டியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

உங்கள் கையில் ஒன்று கிடைத்தால்?

வயலிலோ ஆற்றிலோ வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போதோ இப்படி ஒரு காசு கிடைத்தால் கவனிக்க வேண்டியவை இவை.

முதலில், தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி போட்டு விளக்கினால் பித்தளைச் சொம்பு பளபளக்கும், பழங்காசு செத்துப்போகும். அந்தப் பச்சைக் களிம்புக்குள்தான் எழுத்தும் உருவமும் பத்திரமாக இருக்கின்றன.

இரண்டாவது, கிடைத்த இடத்திலேயே போட்டோ எடுங்கள். போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் இடமும் சேர்ந்து பதிவாகும். எவ்வளவு ஆழத்தில் இருந்தது, பக்கத்தில் பானை ஓடு, செங்கல் ஏதாவது இருந்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தகவல் சொல்லுங்கள். 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 'அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும்' என்று பயந்துதான் பலர் மறைக்கிறார்கள். ஆனால் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பங்கு தருவதற்கான விதிகள் அதே சட்டத்திலேயே இருக்கின்றன. மறைத்தால்தான் தண்டனை. அதேபோல, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆன்லைனில் வெளிநாட்டு ஆள் நல்ல விலை சொல்கிறார் என்று பார்சல் போட்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

ரோமானியக் காசுகளை நேரில் பார்க்க விரும்பினால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தங்கக் காசுகளைப் பார்த்து முடித்த பிறகு, செப்புக் காசுகள் பக்கமும் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பர்ஸைத் திறந்து ஒரு ரூபாய் காசை எடுத்துப் பாருங்கள். சமீப ஆண்டுகளில் வந்த காசு என்றால், சிங்க முகங்களுக்குக் கீழே தேவநாகரி எழுத்தில் பொடியாக 'சத்யமேவ ஜயதே' என்று இருக்கும். வாய்மையே வெல்லும். அதுவும் ஒரு வெற்றி வாசகம்தான். டீக்கடையில் அதை நீட்டும்போது யார் அதைப் படிக்கிறார்கள்? செல்லுமா, செல்லாதா, அவ்வளவுதான் கேள்வி.

1,500 ஆண்டுகளுக்கு முன்பு மதுரைச் சந்தையில் பூ விற்ற பெண்ணும் இப்படித்தான் அந்தக் காசை வாங்கி முடிந்துகொண்டிருப்பார். அதில் சிறகோடு நிற்பது யார், எந்தப் போரில் யார் ஜெயித்தது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. ரோமின் வெற்றி பொய்யாகப் போனது. அந்தப் பூக்காரரின் வியாபாரம் நடந்தது.